பின் ஏ.சி. ஊதவில்லை: பழைய வண்டியில் பின் புளோயரைச் சோதிப்பதும் சரிசெய்வதும்

பின் இருக்கைக்குக் காற்று வரவில்லை என்பது ஓட்டுபவருக்குக் கடைசியாகத்தான் தெரியும். அவர் முகத்தில் முன் ஏ.சி. சில்லென்று அடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது வரிசையில் இருக்கும் பாட்டி முந்தானையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். மறுநாள் வண்டி ஏ.சி. கடைக்குப் போகும். "காஸ் குறைஞ்சிருக்கும் சார்" என்பார்கள். காஸ் ஏற்றிப் பணம் வாங்கிக்கொள்வார்கள். பின்னால் அப்போதும் காற்று வராது.

வராதுதான். காற்றை ஊதுவது காஸ் அல்ல. காற்று நன்றாக வருகிறது, ஆனால் குளிரவில்லை என்றால் அது காஸ், கம்ப்ரசர், வால்வு சம்பந்தப்பட்ட நோய். காற்றே வரவில்லை, அல்லது போதவில்லை என்றால் அது மின்சாரம், மோட்டார், அடைப்பு சம்பந்தப்பட்ட நோய். இந்த அத்தியாயம் இரண்டாவதைப் பற்றியது. இதில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். காஸ் குழாயைத் தொடவே தேவையில்லை.

2000இல் வந்த குவாலிஸ், 2004இல் வந்த டவேரா, 2005 முதல் 2016 வரை விற்ற முதல் இன்னோவா என்று நம் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய வண்டிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். இரட்டை ஏ.சி. உள்ள எந்த வண்டிக்கும் அடிப்படை ஒன்றுதான். கம்ப்ரசரும் கண்டன்சரும் முன்னுக்கும் பின்னுக்கும் பொது. பின்பக்கத்துக்கென்று தனியாக ஒரு கூலிங் காயில், ஒரு எக்ஸ்பான்ஷன் வால்வு, ஒரு புளோயர் மோட்டார். இந்தப் பெட்டி சில வண்டிகளில் கூரை உறைக்குள் இருக்கும். சிலவற்றில் பின் சக்கரத்துக்கு மேலே, பக்கச் சுவருக்குள் இருக்கும். எங்கே என்று தெரியாவிட்டால் என்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, பின் புளோயரை ஓடவிட்டு ஒரு மெல்லிய காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே தேடுங்கள். காகிதத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் கிரில்தான் காற்று உள்ளே போகும் வாய். பெட்டி அதன் அருகில் இருக்கும். மோட்டார் ஓடவே இல்லையென்றால் தூசி அப்பியிருக்கும் கிரிலைப் பாருங்கள். காற்றை இழுக்கும் பக்கம்தான் அழுக்குப் பிடிக்கும்.

கருவி எடுக்கும் முன்

முதலில் சுவிட்சுகள். சிரிக்காதீர்கள், சில வண்டிகள் இங்கேயே சரியாகிவிடும். பல வண்டிகளில் பின் புளோயருக்கு இரண்டு சுவிட்ச் உண்டு: டேஷ்போர்டில் ஒன்று, பின் வரிசைக்காரர்கள் திருப்பக் கூரையில் ஒன்று. முன்னால் இருப்பதை யாராவது அணைத்துவிட்டால் பின்னால் உள்ள குமிழை எப்படித் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. கூரையில் உள்ள காற்றுத் துவாரங்களையும் திறந்து பாருங்கள். அவற்றைக் குழந்தைகள் மூடிவைத்திருப்பார்கள்.

அதன்பின் குமிழை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் காதால் கேளுங்கள். எந்தக் கருவியும் சொல்வதற்கு முன் இது சொல்லிவிடும்.

நான்கில் மட்டும் ஓடுகிறது, மற்ற மூன்றிலும் செத்துக் கிடக்கிறது என்றால் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரில் உள்ள வெப்ப ஃபியூஸ் போயிருக்கிறது. ஒன்றில் மட்டும் ஓடவில்லை, அல்லது ஒன்றும் இரண்டும் ஓடவில்லை, மேலே ஓடுகிறது என்றால் ரெசிஸ்டரில் ஒரு சுருள் அறுந்திருக்கிறது. தலைகீழாக, கீழ் வேகங்களெல்லாம் ஓடி நான்கு மட்டும் ஓடவில்லை என்றால் ரெசிஸ்டரைக் குறை சொல்லாதீர்கள். முழு வேகத்துக்கு மின்சாரம் ரெசிஸ்டர் சுருள்கள் வழியாகப் போவதே இல்லை. சுவிட்சின் கடைசித் தொடுமுனை தேய்ந்திருக்கும், அல்லது அந்த வயர் போயிருக்கும்.

எதிலும் ஓடவில்லை என்றால் பெட்டியின் மேல் உறையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். உடனே ஓட ஆரம்பித்தால் மோட்டாரின் கார்பன் தேய்ந்து முடியும் கட்டத்தில் இருக்கிறது. அன்றைய பயணத்துக்குத் தாங்கலாம். மோட்டாரை மாற்றத் தயாராகிவிடுங்கள்.

மோட்டார் சத்தம் முழுசாகக் கேட்கிறது, காற்று மட்டும் சோர்ந்து வருகிறது என்றால் அது அடைப்பு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஃபியூஸ், ரிலே

ஃபியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைப் பார்த்துப் பின் ஏ.சி.க்கு உரியதைக் கழற்றுங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் ஃபியூஸும் மீட்டரில் வைத்தால் அறுந்திருக்கலாம். வைத்துத்தான் பார்க்க வேண்டும். போயிருந்தால் அதே அளவுதான் போட வேண்டும். நிறமே அளவைச் சொல்லும்: 15 ஆம்பியர் நீலம், 20 மஞ்சள், 25 வெள்ளை, 30 பச்சை. "நீலம் நிக்கல, மஞ்சள் போட்டுட்டேன்" என்று சொல்லும் டிரைவர்களை எல்லா ஸ்டாண்டிலும் பார்க்கலாம். ஃபியூஸ் காப்பது மோட்டாரை அல்ல, வயரை. அளவைக் கூட்டினால் அடுத்து எரிவது கூரைத் துணிக்குள் ஓடும் வயர்.

புது ஃபியூஸ் போட்டவுடனே போனால் மோட்டாரின் வயர் கப்ளரைக் கழற்றிவிட்டு இன்னொன்று போட்டுப் பாருங்கள். அப்போதும் போனால் வயர் எங்கேயோ பாடியில் உரசிச் சிதைந்திருக்கிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. நின்றால் மோட்டார் உள்ளே இறுகிவிட்டது. போட்டவுடன் நன்றாக ஓடிப் பத்து நிமிடம் கழித்துப் போகிறது என்றால் அதுவும் மோட்டார்தான். சூடேறச் சூடேற இறுகி, அதிகமாக இழுக்கிறது.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி, பெட்டியில் அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலேயோடு இடம் மாற்றிப் பார்ப்பது. சில வண்டிகளில் ஹார்ன் ரிலே பொருந்தும். எண் ஒன்றாக இல்லாமல் உருவம் மட்டும் ஒன்றாக இருந்தால் மாற்றாதீர்கள்.

மோட்டார் வாயில் மின்சாரம்

இனி உறையைக் கழற்ற வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துக் கை வையுங்கள். ஜன்னலுக்கு மேலே காற்றுப்பை உள்ள வண்டிகளில் கூரை ஓரத்தில் மஞ்சள் கப்ளர் தென்பட்டால் அதைத் தொடவே கூடாது. பத்துப் பதினைந்து வருடம் வெயிலில் நின்ற பிளாஸ்டிக் கிளிப் உடையாமல் வருவது அபூர்வம். மதிய வெயிலில் வண்டி சூடாக இருக்கும்போது, உலோகத் திருப்புளிக்குப் பதில் தட்டையான பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளப்பினால் பாதியாவது மிஞ்சும். உதிரி கிளிப் ஒரு டஜன் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாருக்கு இரண்டே வயர். கப்ளர் வெளியே வந்ததும் பேட்டரியைத் திரும்ப மாட்டி, சாவியைப் போட்டு, புளோயரை முழு வேகத்தில் வையுங்கள். இப்போது சோதிக்க எல்.இ.டி. டெஸ்டர் வேண்டாம். ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் அது பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். பழைய இண்டிகேட்டர் பல்ப், 21 வாட், இரண்டு வயர் ஈயம் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். வயரில் தெம்பு இருந்தால்தான் பிரகாசமாக எரியும்.

கப்ளரின் இரண்டு ஊசிகளுக்கும் நடுவே பல்பை வையுங்கள். நன்றாக எரிந்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் மோட்டார் போயிற்று. மேலே தேட வேண்டியதில்லை. எரியவில்லை என்றால் பிளஸ் பக்கம் வரவில்லையா, எர்த் பக்கம் அறுந்ததா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்களே தடுமாறுவார்கள். பல ஜப்பானிய வண்டிகளில் பிளஸ் நேராக மோட்டாருக்கு வந்துவிடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கத்தில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கப்ளரை மோட்டாரிலேயே மாட்டி வைத்து, டெஸ்டரின் ஒரு முனையைப் பாடியில் பிடித்து இரண்டு வயரையும் தொட்டால் இரண்டிலும் மின்சாரம் காட்டும். "ரெண்டுலயும் கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு" என்று முடிவு கட்டிப் புது மோட்டார் வாங்கிவிடுவார்கள். அதுவும் ஓடாது. இரண்டிலும் 12 வோல்ட் என்றால் மோட்டார் வழியாக வந்த மின்சாரம் வெளியேற வழியில்லாமல் நிற்கிறது என்று பொருள். கோளாறு எர்த் பக்கம்: சுவிட்ச், அதற்குப் போகும் வயர், அல்லது பாடியில் எர்த் பிடிக்கும் போல்ட்.

அந்தப் போல்ட்டை மறக்காதீர்கள். ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றால் அதன் அடியில் துரு பூத்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் காசில்லாமல் முடிந்த வேலை.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் முழு வேகத்திலும் மந்தமாக ஓடுகிறது என்றால் மல்டிமீட்டர் வேண்டும். என்ஜினை ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். அதே நேரம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு ஊசிகளுக்கிடையே அளந்து பாருங்கள். ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் குறைவது சகஜம். 10 வோல்ட்தான் இருக்கிறது என்றால் மீதி நாலு வோல்ட் வழியில் எங்கேயோ சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. கணக்கு எளிது: 8 ஆம்பியர் ஓடும் வழியில் அரை ஓம் தடை இருந்தால் 4 வோல்ட் இழப்பு, 32 வாட் சூடு. அந்த இடத்தைக் கையால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். அநேகமாக ரெசிஸ்டர் கப்ளராக இருக்கும், பழுப்பேறி உருகிப்போய். மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு ஊசிகளில் அளந்தால் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. மின்சாரம் ஓடும்போதுதான் வோல்ட் விழும்.

ரெசிஸ்டர் ஏன் எரிகிறது

ஒரு ரெசிஸ்டர் மாற்றினோம், ஆறு மாதத்தில் போயிற்று. இன்னொன்று மாற்றினோம், அதுவும் போயிற்று. "லோக்கல் பொருள் அப்படித்தான்" என்று சலித்துக்கொள்வார்கள். லோக்கல் பொருள் மட்டமாக இருக்கலாம்தான். ஆனால் அடுத்தடுத்து எரிகிற ரெசிஸ்டருக்குப் பின்னால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும்.

குறைந்த வேகத்தில் மோட்டாருக்கு நாலைந்து வோல்ட் போதும். மீதி எட்டு வோல்ட்டையும் ரெசிஸ்டர் சூடாக மாற்றித் தள்ள வேண்டும். மூன்று ஆம்பியர் ஓடினால் 24 வாட்: ஒரு சால்டரிங் அயர்ன் நாள் முழுக்கப் பெட்டிக்குள் எரிவதற்குச் சமம். அதனால்தான் அதைப் புளோயரின் காற்று படும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஊதும் காற்றே அதைக் குளிர்விக்கிறது. இப்போது மோட்டார் அச்சைத் தாங்கும் புஷ் உலர்ந்து இறுக ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மோட்டார் மெதுவாகச் சுற்றும். அதனால் அதிக ஆம்பியர் இழுக்கும். ரெசிஸ்டர் அதிகமாகச் சுடும். அதைக் குளிர்விக்க வேண்டிய காற்றோ குறைந்திருக்கும். சூடு எல்லை தாண்டியதும் வெப்ப ஃபியூஸ் தன் வேலையைச் செய்து அறுந்துகொள்ளும். ரெசிஸ்டர் இறந்தது உண்மை; கொன்றது மோட்டார்.

ஆகவே ரெசிஸ்டர் போன வண்டியில் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளக்காமல் புது ரெசிஸ்டர் போடுவது பண விரயம். அளக்க டி.சி. ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். வீட்டு வயரிங் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் சாதாரணக் கிளாம்ப் மீட்டர் மாறுதிசை மின்சாரத்தை மட்டும்தான் காட்டும். கார் வயரில் மாட்டினால் பூஜ்யம் காட்டும். மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையை நம்பாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு இழுக்கும், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

முழு வேகத்தில் ஓடவிட்டு ஒரு முறை, கால் மணி நேரம் கழித்து ஒரு முறை அளவு எடுங்கள். ஃபியூஸ் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நின்று, நேரம் போகப் போகக் கூடாமல் இருந்தால் மோட்டார் நல்லது. 15 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள வண்டியில் 13, 14 காட்டினால், அல்லது 9இல் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போனால் மோட்டாரையும் ரெசிஸ்டரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வெப்ப ஃபியூஸை ஒரு துண்டு வயரால் இணைத்து "ஓடுது பாருங்க" என்று காட்டும் கைவேலை ஒன்று உண்டு. ஓடும். அடுத்த முறை சூடேறும்போது அறுவதற்கு ஒன்றும் இல்லாமல் பிளாஸ்டிக் பெட்டி உருகும். சில வண்டிகளில் பயணிகள் தலைக்கு மேலேயே இருக்கும் பெட்டி அது. யார் செய்து கொடுத்தாலும் ஏற்காதீர்கள்.

உருகிய கப்ளரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது ரெசிஸ்டரைத் தளர்ந்த பழைய கப்ளரில் செருகினால் அதே இடம் மறுபடி உருகும். பழைய வயரின் அதே கனத்தில் செம்பு வயர், சரியான டெர்மினல், மேலே சூட்டில் சுருங்கும் உறை. இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் வெயில் காலத்தில் பசை இளகிக் கழன்றுவிடும்.

தானியங்கி ஏ.சி. உள்ள வண்டிகளில் சுருள் ரெசிஸ்டருக்குப் பதில் அலுமினியத் தகடு பதித்த மின்னணுப் பெட்டி இருக்கும். அது போனால் ஒன்று மோட்டார் ஓடவே ஓடாது, அல்லது சுவிட்சை அணைத்தாலும் முழு வேகத்தில் ஓடும். மோட்டாரின் ஆம்பியரை அளக்கும் விதி அங்கும் அதேதான்.

மோட்டாரைக் கழற்றும்போது

மூன்று அல்லது நான்கு ஸ்க்ரூதான் பிடித்திருக்கும். கழற்றுவதற்கு முன் வயர் எந்தப் பக்கம் வந்தது என்று போனில் படம் எடுத்துவிடுங்கள். பக்கச் சுவரில் பெட்டி உள்ள வண்டியில் உள்ளே என்னென்ன கிடைக்கும் என்று சொல்லி முடியாது: முறுக்குத் துண்டு, மிட்டாய்த் தாள், தலைமுடி, டோல்கேட் ரசீது, எலி கொண்டுவந்து சேர்த்த இருக்கைப் பஞ்சு. இவை விசிறிக் கூண்டில் ஒரு பக்கமாக ஒட்டினால் எடை சமநிலை கெட்டு மோட்டார் உதறும். அந்த உதறலே புஷ்ஷைத் தின்றுவிடும். டக்டக் என்று சத்தம் மட்டும் வந்த வண்டியாக இருந்தால் கூண்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாலே போதும்.

அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் எண்ணெய் விட்டுப் பயனில்லை. கார்பன் மாற்றிக் கொடுக்கும் வைண்டிங் கடைகள் இன்னும் உண்டு. கார்பன் உரசும் கம்யூட்டேட்டர் கறுத்திருந்தாலும் பள்ளம் விழாமல் இருந்தால் அது நல்ல வழி. பள்ளம் விழுந்திருந்தால் புதுக் கார்பனும் சீக்கிரம் தேய்ந்துவிடும். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய மோட்டார் வாங்குவதானால், பேட்டரியில் நேராக இணைத்து ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு, ஆம்பியர் பார்த்து வாங்குங்கள். கையால் சுற்றிக் காட்டுவது சோதனை அல்ல.

புதியதை மாட்டிய பிறகு காற்று முன்பைவிடக் குறைவாக வந்தால் வயர் மாறியிருக்கிறது. இந்த மோட்டாரில் பிளஸ், மைனஸ் மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். உருளைக் கூண்டு விசிறி எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்றை அதே வாய் வழியாகத்தான் தள்ளும், ஆனால் பலமே இருக்காது. காற்று வருகிறதே என்று உறையை மூடிவிடுவார்கள். மூடும் முன் ஒரு முறை படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சத்தம் உண்டு, காற்று இல்லை

பின் பெட்டிக்குப் பல வண்டிகளில் வடிகட்டி கிடையாது. உள்ளே போகும் தூசியெல்லாம் நேராகக் கூலிங் காயிலில் படியும். ஈரத்தில் ஒட்டிப் படலம் கட்டும். புளோயரைக் கழற்றிய கையோடு டார்ச் அடித்துக் காயிலைப் பாருங்கள். சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியது மாதிரி இருந்தால் மென்மையான பிரஷ்ஷாலும், காயில் சுத்தம் செய்யும் நுரையாலும் எடுக்கலாம். பிரஷர் வாஷ் அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு வகை: கிளம்பும்போது நன்றாக ஊதும், திண்டிவனம் தாண்டியதும் சோர்ந்துவிடும், ஏ.சி.யை அணைத்துப் புளோயரை மட்டும் இருபது நிமிடம் ஓட்டினால் மறுபடி சரியாகும். இது காயிலில் பனிக்கட்டி உறைவது. மின்சாரத்தில் தேடாதீர்கள். காயில் அழுக்கைச் சுத்தம் செய்தும் தொடர்ந்தால் வெப்பத்தை அளக்கும் சென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, காஸ் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இது ஏ.சி. கடை வேலை. ஆர்-134ஏ காஸ் வெளியே வந்தால் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அலுமினியக் குழாயின் நட்டை வீட்டில் திருப்பாதீர்கள்.

தண்ணீர் வடியும் குழாயையும் ஊதிப் பாருங்கள். அடைத்திருந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் போகும், கூரைப் பெட்டியாக இருந்தால் பயணிகள் மடியில் சொட்டும்.

இவ்வளவும் செய்ய நேரமில்லை, வண்டியைக் கடையில்தான் விட வேண்டும் என்றால் வேலை தொடங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்குது?" பதில் எண்ணாக வந்தால் வண்டியை விடுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார், ரெசிஸ்டர் மாத்திடலாம்" என்று வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.